மரியாதை தெரிந்த வேலைக்காரி

"வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். சம்பளம் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. மரியாதை தெரிந்தவளாக இருக்க வேண்டும்." இந்த வார்த்தைகளைக் கேளாமல் ஒரு மாதமும் நமக்குக் கழிவதில்லை. கோயில் பிராகாரத்திலும் கேட்கிறோம். கல்யாணப் பந்தியிலும் கேட்கிறோம். சம்பளம் முன்பின்னாக இருக்கலாம் என்பது பேச்சுக்குச் சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மரியாதையைப் பற்றிச் சொல்வது மனப்பூர்வமாகச் சொல்வது. ஆகையால் அதைச் சற்று விசாரிப்பது நல்லது.

மரியாதை என்ற ஒரே சொல்லுக்குள் நமது குடும்பங்கள் மூன்று விஷயங்களை வைத்துக் கட்டிவிடுகின்றன. வீட்டின் ஆசார அநுஷ்டானங்களை அறிந்து நடப்பது ஒன்று. இனிய சொல்லும் நாணயமும் இரண்டாவது. எதைச் சொன்னாலும் எதிர்வார்த்தை பேசாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்பது மூன்றாவது. முதலிரண்டையும் எந்த வீட்டாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மூன்றாவதை மரியாதை என்று சொல்லக்கூடாது. அதற்கு அடிமைத்தனம் என்று பெயர்.

பாரதியாரின் கண்ணன் பாட்டில் 'கண்ணன் என் சேவகன்' என்று ஒரு பகுதி உண்டு. வேலைக்காரர்களால் அலுத்துப்போன ஒருவரிடம் எங்கிருந்தோ ஒருவன் வந்து சேருகிறான். எல்லா வேலையும் செய்கிறேன் என்கிறான். கூலியைப் பற்றிக் கேட்டால் காசு பெரிதில்லை என்று சொல்லிவிடுகிறான். நம்மில் பலர் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான். ஆனால் கூலி கேளாமல் வந்தவன் சாக்ஷாத் பகவான் என்பதை மறந்துவிடுகிறோம். அவனுக்கு வீட்டு வாடகை இல்லை. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய பிள்ளைகளும் இல்லை. மயிலாப்பூரிலோ ஸ்ரீரங்கத்திலோ காலை ஐந்தரை மணிக்கு வாசலில் சாணம் தெளிக்க வரும் அம்மாளுக்கு இவை எல்லாம் உண்டு. அவளிடம் கண்ணனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

* * *

முதலில் ஆசாரத்தைப் பற்றிப் பார்ப்போம். பழைய வழக்கங்களை விடாத வீட்டில் புதிதாக வருகிறவளுக்குத் தெரிய வேண்டியவை பல. செருப்பை வாசலில் விட்டு, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வர வேண்டும். கொடியில் உலரும் மடித் துணியைத் தொடக்கூடாது. சாதம் தொட்ட கையை அலம்பாமல் தயிரையோ எண்ணெயையோ தொட்டால் பத்து. மாமிச உணவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக்கூடாது. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாளே குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வைக்க வேண்டும். சிராத்த தினத்தில் வாசலில் கோலம் போடக்கூடாது.

இவற்றையெல்லாம் முதல் நாளே உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது நடப்பதில்லை. ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் விட்டுவிட்டு, பதினோராம் நாள் அந்த அம்மாள் மடித் துணியைத் தொட்டதும், "உனக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கூச்சல் போடுகிறார்கள். தெரியாததுதான். அவள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம். அவள் வீட்டிலும் விளக்கு உண்டு, நோன்பு உண்டு, ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது உண்டு. வேறு மதத்தைச் சேர்ந்தவளாக இருந்தாலும், ஒரு முறை நல்ல வார்த்தையாகச் சொன்னால் உணர்ந்து நடப்பாள். பிறர் வழிபாட்டை மதிக்கும் குணம் நமது நாட்டு ஏழைகளிடம் ஏராளமாக இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. எது ஆசாரம், எது தீண்டாமை? இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பேச்சில் கலந்து கிடக்கின்றன. பிரித்தறிவதற்கு நாம் ஓர் எளிய உரைகல்லைச் சொல்லுகிறோம். ஒரு விதி வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் அது ஆசாரம். பிறப்பைப் பார்த்து ஒருத்திக்கு மட்டும் விதித்தால் அது தீண்டாமை.

மடித் துணியை வேலைக்காரி தொடக்கூடாது; சரி. குளிக்காத பிள்ளையும் தொடக்கூடாது அல்லவா? அப்படியானால் அது ஆசாரம். பூஜை அறைக்குள் கால் அலம்பாமல் போகக்கூடாது. வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கும் அதே விதிதான். இதுவும் ஆசாரம். ஆனால் வீட்டார் எல்லோரும் ஒரு தம்ளரில் காப்பி குடிக்க, அவளுக்கு மட்டும் கொல்லைப்புறத்து மாடத்தில் ஒரு நசுங்கிய தம்ளர் ஒதுக்கி வைத்திருப்பதை எந்த சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லி ஆசாரமாக்குவது? அந்தப் பாத்திரங்கள் அனைத்தையும் தேய்த்துக் கழுவுவது அவள் கைதான். அவள் கழுவிய தம்ளர் சுத்தம், அவள் குடித்த தம்ளர் அசுத்தம் என்றால், அதில் சுத்தத்தைப் பற்றிய பேச்சு ஒன்றுமில்லை. ஜாதியைப் பற்றிய பேச்சு மட்டுமே இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எந்த ரூபத்தில் அதை அநுஷ்டிப்பதையும் தடை செய்தது. 1955-ல் அதைத் தண்டிப்பதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1976-ல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயர் பெற்றது. ஆனால் சட்டம் சமையலறைக்குள் வந்து தம்ளர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே நீதிபதியாக இருக்க வேண்டியவர் வீட்டு எஜமானியம்மாள்தான்.

* * *

காந்தியடிகளின் பிள்ளைப் பிராய வரலாற்றில் இரண்டு வேலைக்காரர்கள் வருகிறார்கள். அவர் பிறந்தது ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். வீட்டைச் சுத்தம் செய்ய ஊகா என்ற தோட்டி வருவான். தவறி அவனைத் தொட்டுவிட்டால் குளித்துவிட்டு வரும்படி தாயார் சொல்வார். பிள்ளை கீழ்ப்படிவான்; ஆனால் இதற்கு மதத்தில் இடமில்லை என்று சிரித்துக்கொண்டே வாதாடுவான். அப்பொழுது தமக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை என்று 1921-ல் ஆமதாபாத்தில் பேசியபோது காந்தியடிகள் நினைவுகூர்ந்தார்.

மற்றவள் ரம்பை என்ற கிழவி. குழந்தையை வளர்த்த செவிலி. பேய் பிசாசு என்றால் நடுங்கிய அந்தப் பிள்ளைக்கு, பயம் தீர ராமநாமத்தைச் சொல்லு என்று கற்றுக் கொடுத்தவள் அவள். சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் காந்தியடிகளுக்குத் துணை நின்ற மந்திரத்தை அவருக்கு முதலில் அளித்தவள் வீட்டு வேலைக்காரி. நமது வீட்டில் கூட்டிப் பெருக்க வருகிறவள் நமது குழந்தைகளுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போவாள் என்பதை யார் கண்டது?

குழந்தைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஐம்பது வயது அம்மாளை ஆறு வயதுப் பையன் பெயர் சொல்லி "இங்கே வா" என்று அழைப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். பெற்றோர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அந்தப் பையன் நாளைக்கு அதே குரலில் பாட்டியையும் அழைப்பான். அக்கா என்றோ, ஆயா என்றோ, "வாங்க, போங்க" என்று பேசக் குழந்தைகளைப் பழக்க வேண்டும். மரியாதையை வேலைக்கு வருகிறவளிடம் எதிர்பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் விதைத்து வைப்பது உத்தமம். விதைக்காத வயலில் அறுவடைக்குப் போகிறவர்கள் வெறுங்கையுடன்தான் திரும்புவார்கள்.

* * *

இனி ஆளை அமர்த்தும் விதம். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும் 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்த அதிகாரமும் வைத்திருக்கிறார். ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது முதலாவது. தேர்ந்த பிறகு நம்பி வேலையை ஒப்படைப்பது இரண்டாவது. நம்மவர்களோ முதலில் ஆராய்வதுமில்லை, பிறகு நம்புவதுமில்லை.

முன்பு வேலை செய்த வீட்டில் விசாரியுங்கள். ஜாதியை விசாரிக்க வேண்டாம்; பழக்கத்தை விசாரியுங்கள். பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை எவ்வளவு கெஞ்சி அழைத்து வந்தாலும் சேர்க்காதீர்கள். வீட்டு வேலைக்குக் குழந்தைகளை வைப்பது 2006-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் பெண் பள்ளிக்கூடம் போக, அதே வயதுப் பெண் அவள் தட்டைக் கழுவுவது எந்தத் தர்மத்துக்கும் அடுக்காது.

வேலை இன்னது, நேரம் இன்னது, சம்பளம் இவ்வளவு, மாதத்தில் இத்தனை நாள் லீவு, தீபாவளிக்கு இன்னது என்று முதலிலேயே பேசி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்தால் அதையும், பிடித்ததையும் அவள் கண் முன் எழுதுங்கள். பாத்திரம் தேய்க்க வந்தவளிடம் துணி துவைப்பதும், மாவு அரைப்பதும், மாமியாருக்குக் கால் பிடிப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டு, சம்பளம் மட்டும் ஏறாமல் நிற்பதுதான் மனஸ்தாபங்களில் பாதிக்குக் காரணம். அவள் ஒரு நாள் முகத்தைச் சுளித்தால், "மரியாதை இல்லை" என்கிறோம்.

பழைய வழக்கமுள்ள சில வீடுகளில், வீட்டுக்கு விலக்கான மூன்று நாட்களில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த மூன்று நாள் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. ஆசாரம் நம்முடையது; அதற்குரிய செலவும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். அவள் கூலியில் நாம் புண்ணியம் தேடலாமா?

இன்னும் ஒரு விஷயம். சொல்லக் கூச்சமானாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை. காலை முதல் பிற்பகல் வரை மூன்று நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண், எந்த வீட்டிலும் கழிப்பறையை உபயோகிக்க அனுமதி இல்லாமல், தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறாள். அந்தக் கழிப்பறையைக் கழுவுகிறவளும் அவள்தான். அடுக்கு மாடிக் கட்டடங்கள் சிலவற்றில் வேலைக்காரர்களுக்கென்று தனி லிப்ட் வேறு வைத்திருக்கிறார்கள். பழைய அக்கிரகாரத்துக் கொல்லை வழி இப்பொழுது மின்சாரத்தில் ஏறி இறங்குகிறது. வேறு மாறுதல் ஒன்றுமில்லை.

நகை காணாமற்போனால் முதலில் நம் அலமாரியைத் தேட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தலையணை உறைக்குள் தோடு அகப்படும். ஆனால் முதல் நாள் சொன்ன பழி திரும்பி வராது. ஊசிப்போன சாம்பாரைத் தர்மம் என்று தூக்கிக் கொடுக்காதீர்கள். நாம் சாப்பிடத் தகாதது அவளும் சாப்பிடத் தகாதது.

அரசாங்கமும் சில காரியங்கள் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்பு, விபத்து முதலியவற்றுக்கு உதவி கிடைக்கும். 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. மாவட்டந்தோறும் அமைக்கப்படும் குழுவிடம் முறையிடலாம். இவற்றை அந்த அம்மாளுக்கு எடுத்துச் சொல்லி, வாரியத்தில் பதிந்துகொள்வதற்கு மனு எழுதிக் கொடுப்பது படித்த எஜமானியின் கடமை. எழுத்தறிவு என்பது இதற்கும் பயன்படட்டும்.

1947-ல் தேசம் விடுதலை பெற்றது. செங்கோட்டையில் கொடி ஏறியது. அந்த விடுதலை நமது கொல்லைப்புறத்துக் கதவு வரையில் வந்து நிற்கிறது. உள்ளே அழைப்பது நம் கையில் இருக்கிறது. மரியாதை தெரிந்த வேலைக்காரி வேண்டும் என்று தேடும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுகிறோம். அப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். மரியாதை தெரிந்த வீட்டை அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.