கணக்கெழுதும் கையையும் கணக்கில் எழுதுக

சித்திரைப் பூரணையன்று ஆலயத்திற் சித்திரபுத்திரனார் கதை படிக்கக் கேட்டு வளர்ந்தோர் நாம். அவருடைய ஏட்டில் அரசன் என்றும் ஆண்டி என்றும் வேறுபாடில்லை. செய்தது செய்தவாறே எழுதப்படும். இன்று நம்முடைய பணக் கணக்கை எழுதுவது கணினி. அதனிடத்தும் அந்நீதி உண்டோ என வினவுவது நம் கடனாகும்.

கொடுக்கல் வாங்கலை நடத்தும் கணினி இருவகைக் குறிப்புக்களை எழுதுகின்றது. ஒன்று இயக்கக் குறிப்பு. இணைப்பு அறுந்தது, விடை வரத் தாமதித்தது என்றாற்போல இயந்திரத்தின் நிலையை அது கூறும். அதனை விரித்தெழுதச் செய்வதும் சுருக்கியெழுதச் செய்வதும் அமைப்போர் விருப்பம். மற்றையது கணக்காய்வுக் குறிப்பு. எவர், எப்பொழுது, எக்கணக்கில், முன்னிருந்த எத்தொகையை எவ்வாறு மாற்றினார் என்பதை அது கூறும். இதனைச் சுருக்கும் உரிமை எவருக்கும் இருத்தலாகாது. குறிப்பு எழுத இயலாதாயின் அக்கொடுக்கல் வாங்கலே நிறைவேறாதொழிதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் இருப்பின், இடையில் ஒன்று பறிக்கப்பட்டால் அந்த இடைவெளியே சாட்சி சொல்லும்.

இவ்விரண்டாவது குறிப்பிற் குறைநேரின் விளைவு யாதாகும் என்பதை ஐக்கிய இராச்சியத்தின் தபாற் பகுதி உலகுக்குக் காட்டிற்று. 1999 ஆம் ஆண்டு தொடக்கம் அங்குள்ள உப தபாற்கந்தோர்களில் 'ஹொறைசன்' என்னும் கணினி முறை புகுத்தப்பட்டது. கணினி காட்டிய தொகைக்கும் கையிலிருந்த பணத்துக்கும் இடையே குறைவு கண்டபோது, பழி உப தபாலதிபர்மேல் வீழ்ந்தது. களவு, மோசடி, பொய்க்கணக்கு எனக் குற்றஞ்சாட்டப்பெற்று 900 இற்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; பலர் வீடும் பொருளும் இழந்தனர்.

2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உண்மையை வெளிக்கொணர்ந்தது. அம்முறையிற் பிழைகள் இருந்தன. அதனை இயக்கிய நிறுவனத்தார் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கினுட் புகுந்து, தபாலதிபர் அறியாமலே பதிவுகளைச் சேர்க்கவும் இயன்றது. அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 2015 யூலை வரையில், அத்தகைய உயரதிகாரம் பெற்றோர் உட்புகுந்ததும் வெளியேறியதும் மாத்திரமே பதியப்பட்டன. உள்ளே அவர்கள் செய்தது யாது என்பது பதியப்படவில்லை. எளியவர் விற்ற முத்திரை ஒவ்வொன்றையும் எழுதிய ஏடு, வலியவர் கைபட்ட இடத்தில் வெறுமையாயிருந்தது. மூலப் பதிவுகளைத் தாமே பார்க்கும் வழியும் தபாலதிபர்களுக்கு இருக்கவில்லை. 2024 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் அளிக்கப்பட்ட அத்தகைய தீர்ப்புக்களை நீக்கிற்று. எனினும், இழந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்டளிக்கும்?

குறிப்புக்கள் பெருகின் செலவு பெருகும், வேகம் குன்றும் என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும் சுருக்கவேண்டியது இயக்கக் குறிப்பையன்றிக் கணக்காய்வுக் குறிப்பை அன்று. எல்லாவற்றையும் எழுதுவதும் தவறே. இரகசியச் சொல்லும் முழு அட்டையிலக்கமும் எந்தக் குறிப்பிலும் இடம்பெறலாகாது.

நாம் வேண்டுவன மூன்று. அதிகாரம் மிகுந்த கையின் செயல் முதற்கண் எழுதப்படுக. எழுதிய ஏடு, முறையை இயக்குவோர் கைக்கு எட்டாத வேறொருவர் காவலில் இருக்க. அவ்வேட்டைக் காட்டி ஒருவரைக் குற்றஞ்சாட்டுவோர், அவரும் அதனைப் படித்தறிய இடமளிக்க.

நம் கல்லூரியிற் கற்கும் மாணவருட் பலர் நாளை வங்கிகளுக்கும் திணைக்களங்களுக்கும் கணினி முறைகளை அமைக்கப் புகுவர். கணக்காய்வுக் குறிப்பை இறுதியில் ஒட்டும் அலங்காரமென அவர்கள் எண்ணாதிருப்பாராக. கள்வனைப் பிடிப்பதற்கு மாத்திரமன்று, கள்வனல்லாதவனைக் காப்பதற்குமே ஏடு எழுதப்படுகின்றது.