சொல்லும் பொருளும்: தண்டம்

பழநியம்பதியில் மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமம் தண்டாயுதபாணி. தண்டத்தையே படைக்கலமாகக் கையிற் கொண்டவன் என்பது பொருள். பிற தலங்களில் வேலேந்தும் குமரன், இங்கே கோலேந்திய ஆண்டியாய் நிற்கிறான்.

தண்டம் என்பது வடசொல்; அடிக்குங் கோலே அதன் முதற்பொருள். அதிலிருந்தே தண்டனையும் அபராதமும் கிளைத்தன. சாம, தான, பேதங்கள் பயன்படாதவிடத்து அரசன் கைக்கொள்ளும் நான்காம் உபாயமும் இதுவே. எனினும் அச்சம் மட்டுமே இச்சொல்லின் இயல்பன்று. கோல் வீழ்ந்தாற்போல நிலத்தில் நெடுக வீழ்ந்து வணங்குவதைத் தண்டனிடுதல் என்றனர் பெரியோர்.

இடும்பன் கதையோ இன்னும் இனியது. அகத்தியர் பணித்தபடி சிவகிரியையும் சக்திகிரியையும் அவன் தூக்க முற்பட்டபோது, பிரமதண்டம் தோள்தடியாகவும் பாம்புகள் கயிறுகளாகவும் வந்துதவின என்பர். அடிக்குங் கருவி அன்று சுமக்குங் கருவியாயிற்று. இன்றைய காவடித்தண்டு அதன் வழிவந்ததே.

அபராதமாய்க் கொடுத்த பொருள் மீளாது. அதனாற்போலும் பேச்சுவழக்கில் தண்டம் 'வீண்' என்றாயிற்று. வேலை கிட்டாத பிள்ளையைத் 'தண்டச்சோறு' என்று கூசாமல் ஏசுகிறோம். தைப்பூசத்தில் வீட்டார் நேர்ந்துகொண்ட காவடியைத் தோளிலேற்றிப் பழநிக்கு நடப்பவன், பல வீடுகளில், அந்தப் பிள்ளைதான்.