ஒரு துளி ரத்தம் போதுமா?



காசநோய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லொக் லொக்கென்ற இருமல்தான். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் காசநோய் பல சமயம் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்வை, ரவிக்கை தொளதொளவென்று ஆவது, இவ்வளவுதான். "வேலை ஜாஸ்தி, இளைச்சுட்டேன்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில், உலகம் முழுவதிலும் முதலில் நிற்பது இதுதான்.

"இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன நம் நாமக்கல், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகம் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாகவும் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டாத எத்தனையோ பெண்களுக்குக் கணவர் மூலமாகவே அது வந்திருக்கிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "ஏனுங்கக்கா, எச்.ஐ.வி.யை ரத்தத்துலதானே கண்டுபுடிக்கறாங்க? காசத்தையும் அப்படியே கண்டுபுடிச்சுட்டா என்னங்க? சளியக் கொண்டுபோய்க் குடுக்கச் சங்கடமா இருக்குதுங்க."

நியாயமான கேள்விதான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது ரத்தப் பரிசோதனையில்தான். ஆனால் காசநோய் விஷயம் வேறு. இதில் மூன்று ரத்தப் பரிசோதனைகள் காதில் விழும். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, சி.ஆர்.பி. உடம்பில் எங்காவது அழற்சி உண்டானால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். விரல் நுனியில் எடுக்கும் ரத்தத்திலேயே அளந்துவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், காசநோய் இருக்கிறதா என்று மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இன்னும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பிக்காதவர்களுக்கு இது மிகவும் உதவும். ஆனால் வேறு காய்ச்சலிலும், சீழ்ப்புண்ணிலும், கர்ப்ப காலத்திலும்கூட இந்த அளவு ஏறும். ஆகவே இது முறத்தில் புடைப்பது மாதிரிதான். புடைத்த பிறகும் கல் பொறுக்கத்தானே வேண்டும்? அந்த வேலை சளிப் பரிசோதனையுடையது.

இரண்டாவது, இக்ரா. காசக் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்பதற்கு இது அடையாளம் காட்டும். அது நோயாக மூண்டுவிட்டதா, சும்மா தூங்குகிறதா என்று இதனால் சொல்ல முடியாது.

மூன்றாவது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் உண்டு, இல்லை என்று சொல்லும் பழைய பரிசோதனை. இல்லாத நோயை உண்டு என்றும், இருக்கும் நோயை இல்லை என்றும் சொன்னதால், 2012-ல் மத்திய அரசு இதைத் தடை செய்துவிட்டது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போதெல்லாம் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வேர்வை இந்த நாலில் ஒன்று இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தையானால், எடை ஏறாமல் நிற்பதையும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாக இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடலாம். சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைக் கொடுங்கள். எச்சில் உதவாது.

நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்க மாத்திரை உண்டு. நோய் இருந்தாலும் சிகிச்சை இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆகியிருக்கிறது.

ஆகவே, ரத்தம் எடுத்தாகிவிட்டதே என்று சளி டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். கூச்சம் ஒரு நிமிஷம்தான், கொடுத்துவிட்டே வாருங்கள்.