நீல விளக்கு போதாது

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள், உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி அரசுக் கட்டடங்கள் நீல விளக்கில் ஒளிர்கின்றன. மும்பை தாராவியின் சந்து ஒன்றில், மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமல், பொம்மை வண்டியின் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையின் தாய்க்கு அவ்வொளியால் என்ன பயன்? வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மராத்தி, தெருவில் இந்தி. அதனால்தான் பேச்சு வரவில்லை, போகப்போகச் சரியாகும் என்று அவரைத் தேற்றுகின்றனர். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. இந்தப் பொய்யான ஆறுதலில் கழிவது குழந்தையின் மிக முக்கியமான வளர்ச்சிக் காலம்.

ஆட்டிசம் தொற்றுமன்று, தாயின் வளர்ப்புப் பிழையுமன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு அது. குழந்தை எதில் ஈடுபட்டிருக்கிறதோ அதிலிருந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும். அது சக்கரத்தைச் சுழற்றினால் தாயும் எதிரே அமர்ந்து சுழற்ற வேண்டும். பின் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'இன்னும்' எனக் கேட்பதுபோல் ஒரு பார்வையோ ஒலியோ எழுந்தால், உரையாடல் அங்கே தொடங்கிவிட்டது. தானே உண்ணுதல், சட்டை மாட்டுதல், கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமெனத் தெரிவித்தல் ஆகியவையும் இவ்வாறே சிறு சிறு படிகளாகப் பழக்கப்படுகின்றன. விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை; தட்டும் மூடியும் போதும். ஆனால் நேரம் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். ஒற்றை அறையில் அப்பளம் இட்டும் துணி தைத்தும் பிழைக்கும் தாயிடம் இவ்விரண்டும் இல்லை.

மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் வசதி படைத்தோர் தனியார் பயிற்சியாளரை நாடலாம். ஏழைகளிடம் 'நிபுணர்கள் போதவில்லை' என்கிறது அரசு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்து, 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஆய்வு இந்தச் சாக்கைத் தகர்த்துவிட்டது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டியபோதே குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது.

அங்கன்வாடி ஊழியர்களால் இது இயலும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசே 2023 நவம்பரில் வெளியிட்டது. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டிய ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் அறிவித்த மதிப்பூதியமோ மாதம் 4,500 ரூபாய். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்த பின்னரும், 2023 டிசம்பரில் மராட்டிய ஊழியர்கள் அதற்காகவும் ஊதிய உயர்வுக்காகவும் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது. கொடுப்பது மதிப்பூதியம், வாங்குவது முழுநேர வேலை! கணக்கெடுப்பு, சத்துணவு, கைப்பேசிச் செயலிப் பதிவு ஆகியவற்றோடு இதையும் அவர்கள் தலையில் சுமத்துவது சுரண்டல்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. எனவே நாம் கேட்பது சலுகையன்று. அங்கன்வாடி ஊழியர்களை அரசு ஊழியராக்கி, இப்பணிக்கெனக் கூடுதல் பணியிடங்களை உருவாக்க வேண்டும். சயான் மருத்துவமனையின் தாராவி நகர்ப்புற நலவாழ்வு மையத்தில், தமிழ் பேசும் பணியாளர்களையும் கொண்டு, கண்டறிதலும் பயிற்சியும் கட்டணமின்றி நடைபெற வேண்டும். பயிற்சிக்கு வரும் நாளில் தாய் இழக்கும் கூலியை மாநில அரசு ஈடுசெய்ய வேண்டும்.