அடுப்புக்குப் போகும் பலகை பேனா ஆகட்டும்!

படகுக்கும் வயசு உண்டு.

பல வருஷம் உழைத்த மரப் படகு ஒரு நாள் கரை ஏறுகிறது. பிறகு அது தண்ணீரில் இறங்குவதில்லை. ஆணியைப் பிடுங்குகிறார்கள். நல்ல பலகை வேறு வேலைக்குப் போகிறது. உளுத்த பலகை அடுப்புக்குப் போகிறது.

ஒரு குடும்பத்துக்குச் சோறு தேடித் தந்த மரம், கடைசியில் அந்தச் சோற்றை வேகவைக்கும் விறகாகிறது. அந்தப் பலகையில் ஒரு சாண் துண்டு இருந்தால் போதும், விறகைவிடப் பல மடங்கு விலை பெறும் பொருள் ஒன்றைச் செய்யலாம். அதுதான் பேனா.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது கோட்டைக்குப்பம். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சுற்றிலும் மீனவர் குப்பங்கள். இந்த ஊர்களுக்கு ஒரு கடைசல் பட்டறை வேண்டும். பழைய படகு மரத்தை ரெசினில் வார்த்துப் பேனா கடையும் தொழிலை அங்குள்ள இளைஞர்களும் பெண்களும் கற்க வேண்டும்.

"இது என்ன புதுக் கதை?" என்று கேட்கலாம். இதில் பாதிக்கு மேல் பழைய கதைதான்.

ரெசின் என்றால் என்ன?

அரக்கு நமக்குத் தெரியும். குங்கிலியம் தெரியும். சாம்பிராணி தெரியும். இவை மரமும் பூச்சியும் தரும் பிசின்கள். தொழிற்சாலையில் செய்யும் பிசினுக்கு ரெசின் என்று பெயர்.

ரெசின் தேன் போன்ற திரவம். அதோடு ஹார்டனர் என்னும் இன்னொரு திரவத்தைச் சரியான அளவில் கலந்தால், சிறிது சிறிதாக இறுகிக் கட்டியாகிவிடும். பால் தயிரானால் மறுபடி பாலாகாது. ரெசினும் அப்படியே. இறுகியது இறுகியதுதான்.

மீனவருக்கு இது புதிதல்ல. 2004ஆம் வருஷம் சுனாமி வந்த பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகிலும் பைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்ததுதான் பைபர் படகு. படகில் விரிசல் கண்டால் இழைத் துணியை வைத்து, ரெசினைக் கலந்து பூசி அடைக்கிறார்கள். அளவு தவறினால் என்ன ஆகும் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பேனாவுக்கு வார்க்கும் ரெசின் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். அதுதான் வித்தியாசம்.

புழு செய்த உபகாரம்

பழைய படகுப் பலகையை அறுத்துப் பார்த்தால் உள்ளே குழல் குழலாக ஓட்டைகள் இருக்கும். கடலில் வாழும் ஒரு பிராணி துளைத்த ஓட்டைகள் அவை. பார்ப்பதற்குப் புழு போல இருக்கும். உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மரப் படகுக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை.

தச்சரிடம் அந்தப் பலகையைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். கடைசலில் வைத்தால் பொடிப் பொடியாக உதிரும். ஆனால் ஓட்டைகளில் ரெசின் புகுந்து இறுகிவிட்டால் மரத்துக்குப் பலம் வந்துவிடும். கடைந்து மெருகு ஏற்றினால், மரத்தின் நடுவே தண்ணீர் ஓடி நின்றது போல அந்த இடங்கள் பளபளக்கும். ரெசினில் சிறிது நீலச் சாயம் சேர்த்தால் ஏரியே அதற்குள் தெரியும்.

படகைக் கெடுத்த ஓட்டையே பேனாவுக்கு அழகாகிறது! எந்த இரண்டு பேனாவும் ஒன்று போல இருக்காது. யந்திரத்தில் லட்சக்கணக்கில் செய்யும் பேனாவுக்கு இந்தச் சிறப்பு வராது.

செய்யும் முறை

முதலில் ஆணிகளையும் பழைய பெயிண்டையும் நீக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. பெயிண்ட் பூசிய பலகையை அடுப்பில் எரிப்பதும் இதே காரணத்தால் கெடுதல். அந்தப் புகை முதலில் போவது சமையல் செய்யும் பெண்ணின் மூச்சிலும், பக்கத்தில் விளையாடும் குழந்தையின் மூச்சிலும்தான். எனவே அந்த மரத்தைப் பேனாவுக்கும் எடுக்காமல், அடுப்பிலும் வைக்காமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

பெயிண்ட் படாத உள்மரத்தை நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீரைப் பல முறை மாற்ற வேண்டும். உப்பு இறங்கிய பிறகு நிழலில் பல வாரம் உலர்த்த வேண்டும். இதில் அவசரம் கூடாது. மரத்தில் உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் இருந்தால் ரெசினில் நுரை தட்டும்.

உலர்ந்த மரத்தைச் சுமார் 2 சென்டிமீட்டர் கனமும் 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டுகளாக்கி அச்சில் வைத்து ரெசினை ஊற்றுகிறார்கள். அச்சை அழுத்தக் கலத்தில் வைத்து மூடிக் காற்றை ஏற்றுகிறார்கள். சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை அழுத்தம் தருவது வழக்கம். இது கார் டயரில் உள்ள அழுத்தத்தைவிட அதிகம். அந்த அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். ரெசின் இறுகும் வரையில் கலத்தைத் திறக்கக் கூடாது.

இறுகிய கட்டையில் நடுவே துளை போட்டுப் பித்தளைக் குழாயை ஒட்டுகிறார்கள். பிறகு கடைசல் யந்திரத்தில் பொருத்தி, சுழலும்போது உளி பிடிக்கிறார்கள். சதுரக் கட்டை உருண்டையாகிறது. உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். முதலில் முரட்டுத் தாள், பிறகு மிருதுவான தாள். கடைசியில் மெருகு. பின்பு நிப்பையும் மூடியையும் பொருத்தினால் பேனா தயார்.

திருவள்ளூர் காட்டும் வழி

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைத் தெரியாத தமிழ்க் குழந்தை முன்காலத்தில் உண்டா? மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின் மேலேயே வண்ண அரக்கை ஏற்றி மெருகூட்டுவது அந்தத் தொழில். மரம், பிசின், கடைசல் மூன்றும் சேர்ந்த வேலை. பேனாவும் அதே குடும்பம்தான்.

கைப் பேனாவும் தென்னாட்டுக்குப் புதிதல்ல. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் சுதேசிப் பேனா செய்தார். அவர் அனுப்பிய பேனாவைப் பாராட்டி 1935ஆம் வருஷம் காந்திஜி அவருக்குக் கடிதம் எழுதினார். அந்நியப் பேனாவுக்குப் பதிலாக நம்முடைய பேனா என்பதே அப்போது பெரிய காரியம்.

ராஜமுந்திரி தூரமாக இருக்கலாம். திருவள்ளூர் தூரமா? அங்கே எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய 'ரங்கா' பேனாக்கள் எபோனைட் கட்டையிலிருந்து கையால் கடையப்படுபவை. எபோனைட் என்பது ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்துக் கெட்டியாக்கியது. அந்தப் பேனாக்களை அயல்நாட்டிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். கோட்டைக்குப்பம் இருப்பதும் அதே மாவட்டத்தில்தான்!

"பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்?" என்று கேட்பவர் உண்டு. எழுத மட்டும் என்றால் பத்து ரூபாய்ப் பேனா போதும். இது அன்பளிப்புப் பேனா. மகள் பட்டம் பெறுகிறாள், ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், நண்பர் வீட்டில் கல்யாணம். அப்போது கொடுப்பது. நன்றாகச் செய்த கைப் பேனா ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிறது. "இது பழவேற்காட்டுப் படகு மரம்" என்று ஒரு சீட்டு உடன் இருந்தால், வாங்குகிறவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

ஊரின் பெயர் சரக்கோடு கடல் கடந்து போவதும் இங்கே நடந்த காரியம்தான். 1613ஆம் வருஷம் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். இங்கிருந்து துணி கப்பல் ஏறியது. இன்றும் மலாய் மக்கள் ஒரு வகைக் கைலியைப் 'பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காடு என்பதுதான் அப்படித் திரிந்தது. துணி நெய்த கைகளின் பெயர் மறைந்துவிட்டது. ஊரின் பெயர் மட்டும் வாழ்கிறது.

அந்தத் தவறு பேனாவில் நடக்கக் கூடாது. கடைந்தவர் பெயர் பேனாவில் இருக்க வேண்டும். பணத்தில் பெரும்பங்கு அவர் கைக்கு வர வேண்டும். நூறு ரூபாய்க்கு வாங்கி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் தரகர் நடுவில் வந்தால், விறகாகப் போனதே மேல் என்று ஆகிவிடும்.

ஜாக்கிரதை வேண்டும்

ரெசின் விளையாட்டுச் சாமான் அல்ல. இறுகாத ரெசின் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். சில வகை ரெசினின் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கும். கடையும்போது பறக்கும் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. கையுறையும் முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது. அழுத்தக் கலத்துக்குப் பாதுகாப்பு வால்வு கட்டாயம். வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. பொதுப் பட்டறை வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கடைந்த சுருள்களை ஏரியில் கொட்டக் கூடாது. ரெசின் மக்காது. மீன் வளரும் தண்ணீரில் பிளாஸ்டிக்கைக் கொட்டிவிட்டுப் பேனா செய்து என்ன பயன்? அதேபோல, பேனாவுக்காக ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது. படகில் கிடைக்கும் மரம் போதும்.

முறை போட்டுக் கடையலாம்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொள்கிறார்கள். வலிமை உள்ளவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் இருக்க முன்னோர் செய்த ஏற்பாடு அது.

பட்டறையும் அப்படி நடக்கலாம். ஒரே யந்திரத்தைப் பலர் முறை போட்டு உபயோகிக்கலாம். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். ஏரிப் பாட்டில் உரிமை எல்லாருக்கும் இல்லை. பட்டறைப் பாட்டில் அந்த வேற்றுமை இருக்கக் கூடாது. பெண்களுக்கும் முறை உண்டு என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைந்து பழவேற்காட்டுப் பெண்கள் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அந்த விரல்களுக்குக் கடைசல் உளியும் வசப்படும்.

முதல் யந்திரத்தைச் சர்க்கார் வாங்கித் தரட்டும். கற்றுக் கொடுக்கத் திருவள்ளூரிலிருந்தே ஆள் வரலாம். அடுத்த யந்திரத்தைப் பேனா விற்ற பணம் வாங்கித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. பேனா வந்துவிட்டது, இனி ஏரி எதற்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல் நீர் உள்ளே வருவது குறைகிறது. மீனும் இறாலும் குறைகின்றன. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், ஏரியில் கழிவு கலக்காமல் தடுப்பதும்தான் இந்த ஊர்களுக்கு முதல் உதவி. பேனா அதற்கு ஈடு அல்ல.

பாடு கிடைக்காத நாளில் அடுப்பு எரிய வேண்டும். அதற்குத்தான் பேனா. பலகையைப் போட்டு எரிப்பதைவிட, பேனாவாக்கி விற்று அரிசி வாங்கி எரிப்பது நல்லது அல்லவா?