ஊசிக் குத்துக்கு ஓய்வு எதற்காம்?

பிள்ளையில்லாத பெண்ணை அரசமரம் சுற்றச் சொன்ன காலம் ஒருவாறு மலையேறி, புருஷனும் பெண்சாதியுமாக டாக்டரிடம் போகும் காலம் வந்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. 1978-ம் வருஷம் இங்கிலாந்திலும், அதே வருஷத்திலேயே கல்கத்தாவிலும், உடம்புக்கு வெளியே கருக்கூட்டிய குழந்தைகள் பிறந்துவிட்டன. ஆனால் வைத்தியம் புதிதாயிற்றேயொழிய, வீட்டில் பெண்ணை நடத்தும் முறை புதிதாயிற்றா என்று கேட்கின்றோம்.

இந்த வைத்தியத்தில் கருமுட்டை எடுப்பது என்று ஒரு கட்டம் இருக்கின்றது. மாதம் ஒரு முட்டை முதிரவேண்டிய உடம்பில், பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்கிறார்கள். இதனால் சினைப்பை பல மடங்கு வீங்கிவிடுகின்றது. கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே பிறப்புறுப்பின் வழியாக ஒரு நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். வேலை அரை மணியில் தீர்ந்துவிடும். அன்றே வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். வெளியே வெட்டில்லை, தையலில்லை, கட்டில்லை; ஆகவே அவளுக்கு ஒன்றுமேயில்லை என்று வீட்டார் தீர்மானித்து விடுகிறார்கள்.

நாமறிந்த ஒரு வீட்டில், காலையில் முட்டை எடுத்துத் திரும்பிய மருமகள் அன்றிரவே விருந்தாளிகளுக்குத் தோசை வார்த்தாள். "ஊசிக் குத்துக்கெல்லாம் ஓய்வா?" என்றார் மாமியார். மூன்றாம் நாள் வயிறு உப்பிற்று, வாந்தி வந்தது, மூச்சு வாங்கிற்று. பாசாங்கு என்று சொல்வார்களே என்று பயந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரைக் கண்டதும் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "கருவெல்லாம் பத்திரமாயிருக்கிறதா?" என்பதுதான்.

உறைய வைத்திருந்த கருவை இரண்டு மாதங் கழித்து அவள் கருப்பையில் வைத்தார்கள். அப்போதோ அதே மாமியார் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. இதுதான் இதிலுள்ள பெரிய வேடிக்கை. கரு வைத்த பின் படுத்துக் கிடப்பதால் கரு தங்குவது அதிகப்படுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. ஓய்வு உண்மையில் வேண்டியது முட்டை எடுத்த பின்புதான். வேண்டிய நாளில் அடுப்படி. வேண்டாத நாளில் மெத்தை! அப்படியானால் அந்த ஓய்வு பெண்ணுக்கா, அவள் வயிற்றில் வரப்போகும் வாரிசுக்கா?

ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பதென்று நாம் சொல்லவரவில்லை. அப்படிக் கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். மெல்ல நடமாடுவது நல்லது. ஆனால் மயக்க மருந்து வாங்கிய நாளில் வண்டி ஓட்டக்கூடாது. வீங்கிய சினைப்பை முறுக்கிக் கொள்ளும் அபாயம் இருப்பதால் பாரம் தூக்கவும், கடின வேலை செய்யவும் கூடாது. சிறிது இரத்தக் கசிவும், அடிவயிற்று வலியும், உப்புசமும் சில நாளில் தாமே அடங்கும். வலி வரவர ஏறினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், எடை மளமளவென்று கூடினாலும், மூச்சு முட்டினாலும், காய்ச்சல் வந்தாலும், இரத்தம் மிகுதியாகப் போனாலும் நல்ல வேளை பார்த்துக் கொண்டிராமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும் கோளாறாக அது இருக்கலாம். அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்து.

நிற்க, ஆண்மக்களின் யோக்கியதையையும் சற்று பார்ப்போம். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் சேர்ந்தே இருக்கின்றது. குறை முழுவதும் அவனுடையதே என்றாலும் ஊசியும் மயக்கமும் வீக்கமும் அவளுக்குத்தான். அவனோ ஒரு சிறு டப்பியில் விந்தைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறான். மாலையில் வந்து "காப்பி எங்கே?" என்கிறான். லட்சக்கணக்கில் பணம் கட்டத் தெரிந்தவனுக்கு நாலு நாள் சோறு வடிக்கத் தெரியாதா? முட்டை எடுக்கும் தேதி குறித்தவுடனே, அந்த நாலு நாளைக்கு அடுப்படி யாருடையது, தண்ணீர்க் குடம் யாருடையது, இராத்திரி அவள் வலிக்கிறதென்றால் டாக்டருக்கு டெலிபோன் செய்வது யார் என்பதை அவன் தன் தாயாரிடம் வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும்.