பதக்கப் பேழைக்குப் பூட்டு எதற்கு?

படைவீரர் ஒருவர் வாழ்ந்த வீட்டில் அவர் பெற்ற பதக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், தோழியரே! பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், பழைய பிஸ்கட் டப்பாவில் என்று பதில் வரும். வேலூருக்கு அருகேயுள்ள கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அங்கெல்லாம் எத்தனை டப்பாக்கள் இப்படி உறங்குகின்றனவோ! அவற்றுக்கு ஒரு மரப்பேழை செய்து கூடத்தில் வைப்பது நல்ல காரியம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் வெறும் அழகுக்காகச் செய்யப்படும் பேழை, அந்த டப்பாவைவிட அதிகத் தீங்கு செய்துவிடக்கூடும் என்பது எங்கள் கருத்து.

இதைச் சொல்ல எங்களுக்குச் சிறிது உரிமையும் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா, 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர். அவருடைய ஐந்து பதக்கங்களுக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கைத்தொழில் வகுப்பில் ஒரு பேழை செய்தோம்.

பதக்கத்தைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் வருவது துலக்கும் ஆசை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் பளபளக்குமே என்று தோன்றும். கூடவே கூடாது! நம் நாட்டுப் பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ வீரரின் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்கப் போவது அழுக்கு மட்டுமன்று, அந்த எழுத்துகளும்தாம். பெயர் போய்விட்டால் அது யாருடையதோ ஒரு தகடு. உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

மரத்திலும் கவனம் தேவை. புதிதாக அறுத்த மரமும், ஒட்டுப்பலகையும், சரியாகக் காயாத வார்னிஷும் புளிப்பான ஆவியை மெல்ல வெளிவிடுகின்றன. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கினால் உலோகம் கெடும். ஆகவே, இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த பழைய தேக்கு நிலைச் சட்டத்தை வாங்கி இழைத்தோம். உட்புறத்தில் எதையும் பூசவில்லை. வெளியே மட்டும் அரக்கு மெருகு இட்டு, ஒரு மாதம் திறந்தே போட்டு வைத்தோம். உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த தச்சர், "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இழைப்புளி எதுக்கும்மா?" என்று முதல் நாள் சிரித்தார். நாங்கள் சேர்த்த நான்கு மூலைகளிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தபின் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்கரத்தின் வடிவத்தை வரைந்தவரே ஒரு பெண்மணிதான். சுவிட்சர்லாந்தில் 1913ஆம் ஆண்டு பிறந்து, இந்திய இராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, நம் நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட சாவித்திரி பாய் கானோல்கர் அவர். இந்திரனின் வஜ்ஜிராயுதம் நான்கு முறை அதில் இடம்பெறுகிறது. பதக்கத்தை ஒரு பெண் வரையலாம், பேழையைப் பெண்கள் இழைக்கக் கூடாதா?

துணிக்கடையில் சிவப்பு வெல்வெட்டைக் காட்டினார்கள். கண்ணைப் பறித்தது. ஆனால் அதன் சாயம் எப்படிப்பட்டதோ என்று விட்டுவிட்டோம். கம்பளித் துணியும் ஆகாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்க வைக்கும். மலிவான காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துப் பலகையில் இழுத்துக் கட்டி, நாடாக்களை நூலால் தைத்தோம். குண்டூசி துருப்பிடிக்கும், பசை பின்னால் கழற்றவிடாது. நாடாவின் நிறத்தைக் கொண்டுதான் பதக்கத்தை அடையாளம் காண்கிறார்கள். ஆதலால் வெயில் படும் சுவரில் பேழையை மாட்டலாகாது.

பார்ப்பவரின் இடப்பக்கம் தொடங்கி பூர்வி ஸ்டார், சங்கிராம் பதக்கம், 1972ஆம் ஆண்டின் விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம், இருபதாண்டுச் சேவைப் பதக்கம், ஒன்பதாண்டுச் சேவைப் பதக்கம் என்று வரிசைப்படுத்தினோம். இவற்றில் ஒன்றுகூடத் தனிப்பட்ட வீரச்செயலுக்குத் தரப்பட்டதன்று. களத்தில் இருந்தவர்க்கும், நெடுங்காலம் பணி செய்தவர்க்கும் உரியவை. இருந்தும் உறவினர் சிலர் 'மாவீரர்' என்று பித்தளைத் தகட்டில் பொறித்து வைக்கச் சொன்னார்கள். இத்தகைய மிகைப் பேச்சு எங்களுக்கு உடன்பாடில்லை. தாத்தாவுக்கோ அறவே பிடிக்கவில்லை. "போனேன், இருந்தேன், திரும்பி வந்தேன். அதை மட்டும் எழுதுங்கம்மா" என்றார்.

உண்மையில் அவர் தொடக்கத்தில் பேழையே வேண்டாம் என்றவர். கூடத்தில் மாட்டினால் தினமும் கண்ணில் படுமே என்றார். அந்த டிசம்பரில் தம் பக்கத்தில் இருந்த நண்பர் ஒருவர் திரும்பி வரவில்லை என்பதை அப்போதுதான் தோழியின் வீட்டாரே முதன்முறையாகக் கேட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நண்பரின் பெயரும் உள்ளே இருக்குமானால் பேழை இருக்கட்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பேழையின் அடியில் விரல் உயரத்துக்கு ஓர் இழுப்பறை சேர்த்தோம். நான்கு மாலைகள் அவர் சொல்லச் சொல்ல எழுதிய தாள்கள் அதில் இருக்கின்றன. சொல்வதற்குத் தாத்தா இல்லாத வீடுகளில், பாட்டி பத்திரப்படுத்தியிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் படியையாவது வைக்கலாம். பாட்டிக்குத் தெரிந்ததையும் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பேழைக்குப் பூட்டு வேண்டும், வெள்ளி என்று எண்ணித் திருடன் வருவான் என்று அக்கம்பக்கத்தில் எச்சரித்தார்கள். சங்கிராம் பதக்கம் செம்பும் நிக்கலும் கலந்தது. திருடனுக்குப் பேருந்துக் கட்டணம்கூடத் தேறாது! கண்ணாடி மூடிக்கு ஒரு பித்தளைக் கொண்டி மட்டும் போட்டிருக்கிறோம். திறந்து, பதக்கத்தைத் திருப்பிப் பெயரைப் படிக்க வேண்டும். தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டும். தோழியின் தம்பி நான்காம் வகுப்புப் படிக்கிறான். போன வாரம் இழுப்பறையைத் திறந்து அந்த நண்பரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இவர் யார் தாத்தா?" என்று கேட்டானாம். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.